சம்பந்தியோடு சாப்பிட்ட மத்தியானம்

என் மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து ஆன அன்று மத்தியானம், நானும் மருமகளின் அம்மாவும் விருத்தாசலத்தில் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டோம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொன்னால் கேட்கிறவர்கள் ஏதாவது ஒரு முகத்தை வைத்துக்கொள்வார்கள், அந்த முகத்துக்கு ஏற்ற மாதிரி நானும் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் விட்டுவிட்டேன்.

கோர்ட்டில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து கேட்ட விவாகரத்து என்பதால் சண்டை, சாட்சி எதுவும் கிடையாது. ஜட்ஜ் முதலில் என் மகனைக் கேட்டார், பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டார். இருவரும் ‘சம்மதம்’ என்றார்கள். நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள் கேட்டபோதும் இருவரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள், அன்று கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. நான் பின் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து முன்னால் நின்ற வக்கீலின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கயிறு அவிழ்ந்து கிடந்தது. யாராவது அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த அறையில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்து முந்தானையில் ஒரு கைக்குட்டையைச் செருகி வைத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அப்போது கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும். அன்று எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

வெளியே வந்ததும் மகன் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“அம்மா, நான் இப்பிடியே ஸ்டேஷனுக்குப் போயிடறேன். இப்ப உட்டா சாயந்தரந்தான் ட்ரெயினு.”

“ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போடா.”

“ட்ரெயின்ல பாத்துக்கறேம்மா. அப்பாகிட்ட சொல்லிடு.”

ஆட்டோ ஏறிப் போய்விட்டான். அவனுடைய அப்பா கோர்ட்டுக்கு வரவில்லை. செராமிக் பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. கரண்டு ஃப்யூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டைகள் செய்கிறோம். அன்றைக்குச் சூளை பிரித்துச் சுட்ட கட்டைகளை எடுக்க வேண்டும், ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். சூளையை மறுநாளும் பிரிக்கலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பெண் அண்ணனோடு கார் பக்கம் போனவள், திரும்பி என்னிடம் வந்தாள். சுடிதார் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வரேன் அத்தை.”

“பாத்துப் போம்மா.”

அவ்வளவுதான். கார் பாண்டிச்சேரி பக்கம் திரும்பியது. அவளுக்கு அங்கேதான் இப்போது வேலை. அவள் அம்மா காரில் ஏறவில்லை. அவர்கள் வீடு எதிர்த் திசையில், வேப்பூரைத் தாண்டி ஒரு கிராமம். மாடு கன்று போட்டிருக்கிறது, நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று தன் மகனிடம் சொல்லிவிட்டார். அவருடைய வீட்டுக்காரரும் அன்று வரவில்லை. ஆக, கோர்ட் வாசலில் நாங்கள் இரண்டு அம்மாக்கள் மட்டும் மிஞ்சினோம்.

எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பேசாத நாள் கிடையாது. கல்யாணத்தின்போது பந்தியில் எத்தனை வகைப் பொரியல் என்று பேச ஆரம்பித்தது, கல்யாணம் முடிந்தும் தொடர்ந்தது. சாயந்தரம் விளக்கு வைத்ததும் அவர் போன் வந்துவிடும். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்த எனக்கென்று போன் செய்ய ஓர் ஆள் கிடைத்தது அவர்தான். வயலில் மல்லாட்டை பிடுங்கினால் கடலையை ஒரு மூட்டை கட்டி டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நான் அவருக்கு ஊறுகாய் ஜாடிகள் வாங்கி அனுப்புவேன். பிள்ளைகள் சென்னையில் குடித்தனம் நடத்த, நாங்கள் இங்கே சம்பந்தம் நடத்தினோம்.

பிறகு அந்தப் பெண் ஒரு பெட்டியோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டால், “ஒத்து வரலம்மா” என்றாளாம். இவனைக் கேட்டால் இவனும் அதையேதான் சொன்னான். குடி இல்லை, அடி இல்லை, வேறு யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் போனில் என்னென்னவோ யோசனை செய்து பார்த்தோம். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு ஆண்கள் சேர்ந்து, இனிமேல் பொம்பளைகள் பேசிக்கொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள். அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. வாய்தா நாட்களில் ஒரே வராந்தாவில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்போம்.

அன்று நான் பஸ்ஸுக்கு நடக்கத் திரும்பியபோதுதான் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சம்மந்தி… எனக்கு ஒரு மாதிரி வருதுங்க.”

காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையைத் தொட்டேன். ஆனி மாத வெயிலில் கை ஜில்லென்று வியர்த்திருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு.

“மாத்தரை போட்டீங்களா?”

“அது போட்டன். சாப்புடல. எறங்கல.”

எதிரே ஒரு மெஸ் இருந்தது. கோர்ட் ஆட்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிடுவார்கள். நான் அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் நடத்தினேன். பாதி ரோட்டில் நின்றுவிட்டார்.

“அங்க வேணாங்க. எங்க ஊர் ஆளு ஒருத்தரு வாசல்ல நிக்கறாரு. இன்னா ஆச்சுன்னு கேப்பாரு.”

மெஸ்ஸுக்கு நாலு கடை தள்ளித்தான் அந்த சைனீஸ் ரெஸ்டாரண்டு. முன்பு உரக்கடையாக இருந்த இடம். கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் சிவப்புக் காகிதக் கூண்டு விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. எங்கள் வயசு ஆட்கள் யாரும் போக மாட்டார்கள். அன்று அதுதான் வேண்டியிருந்தது.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் பிளாஸ்டிக் பூங்கொத்து. கல்லாவின் மேல் ஒரு தங்க நிறப் பூனைப் பொம்மை ஒரு கையை மட்டும் ஆட்டிக்கொண்டேயிருந்தது. காலேஜ் பிள்ளைகள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எங்களை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூலையில் ஒரு சோபா இருந்தது. அவரை உட்கார வைத்தேன்.

மெனு கார்டு நீட்டிய பெண்ணிடம், “இனிப்பா, ஒடனே வர்றது எதுவோ அதக் குடும்மா. இவங்களுக்கு மயக்கமா இருக்குது” என்றேன்.

அவள் இரண்டு பபிள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஐஸ் மிதக்கிற பால் டீ. அடியில் கருப்புக் கருப்பாக உருண்டைகள். விரல் தடிமனுக்கு ஒரு ஸ்ட்ரா. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். உருண்டை தொண்டைக்குப் பாய்ந்து இருமல் வந்துவிட்டது. முதுகைத் தட்டினேன்.

“இன்னாதுங்க இது, கோலி கோலியா வருது?”

“ஜவ்வரிசியாங்க. கார்டுல போட்டிருக்குது.”

அவர் வாயிலிருந்ததை மெதுவாக மென்றார். “ஆமாங்க. கெழங்கு வாசன வருது. எங்க பக்கத்துல லாரி லாரியா மரவள்ளி ஏத்திக்கினு போறாங்களே, இதுக்குத்தானா” என்றார். பிறகு அவசரப்படாமல் ஒவ்வொரு உருண்டையாக மென்று, பாதி டம்ளர் காலியாகும்வரை நிமிரவில்லை. முகத்தில் நிறம் திரும்பியது. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

நானும் குடித்தேன். இனிப்பு என்று தெரிந்தது, ஜில்லென்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உருண்டைகளை எவ்வளவு மென்றாலும் அவை கரைகிற மாதிரியே இல்லை. மென்றுகொண்டிருந்தேன். வாய்க்கு ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

“சாப்பிட ஏதாவது சொல்லலாங்களா? இது மட்டும் பத்தாது.”

“நீங்க சொல்றது எதுன்னாலும் சரி.”

“கவிச்சி சாப்புடுவீங்களா இன்னைக்கு?”

“இன்னைக்கு இன்னா கெழம? புதனா? வாங்குங்க. இனிமே இன்னா இருக்குது.”

சிக்கன் நூடுல்ஸும் ஒரு சூப்பும் வந்தன. சூப் கிண்ணத்தை நான் பழக்க தோஷத்தில் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எந்த ஊரில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் பீங்கானைக் கவிழ்த்து எங்கே சுட்டது என்று பார்ப்பார். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. பீங்கானே இல்லை, மெலமைன் பிளாஸ்டிக். பீங்கான் ஊரில் இப்படி. கீழே வைத்துவிட்டேன்.

சம்பந்தி ஃபோர்க்கால் நூடுல்ஸைத் தூக்கினார், அது வழுக்கி விழுந்தது. மறுபடியும் தூக்கினார். பிறகு ஃபோர்க்கை ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவி வந்து, இடியாப்பத்தைப் பிசைகிற மாதிரி பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நானும் போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். கன்று கிடாரியா காளையா என்று கேட்டேன். கிடாரி என்றார். அவர் வீட்டுக்காரருக்கு முட்டி வலி, ஸ்ரீமுஷ்ணத்தில் யாரோ வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தடவுகிறாராம். எங்கள் யூனிட்டில் சூளைக்கு வாங்குகிற கேஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று நான் சொன்னேன். ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் போலவே இல்லை, நேற்று விட்ட இடத்தில் இன்று தொடர்கிற மாதிரி இருந்தது. அதுகூட எனக்குச் சந்தோஷமாகப் படவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மாப்ள…” நிறுத்திக்கொண்டார். “தம்பி வேளைக்குச் சாப்புடுதுங்களா? எளச்ச மாதிரி இருக்குது.”

“ரூமுல ரெண்டு பசங்களோட இருக்கறான். ஏதோ சமைக்கறாங்களாம். உங்க பாப்பாவுக்கு இடுப்பு வலின்னு சொல்லிக்கினு இருந்துதே?”

“இப்ப தேவலாம்.”

மறுபடியும் சாப்பிட்டோம். நான் கேட்டுவிடுவது என்று கேட்டேன்.

“அதுங்களுக்குள்ள இன்னாதான் நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

“எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தன். உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த குடைமிளகாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் பக்கத்தில் இரண்டு மேசைகளை இழுத்து ஒட்டிப்போட்டார்கள். ஒரு பையனும் பொண்ணும், இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும், ஒரு கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்கள். பையனின் சிநேகிதர்கள் மாதிரி இரண்டு பேர் நாற்காலி முதுகில் பலூன் கட்டினார்கள். குழந்தைக்கு வலை வைத்த ரோஸ் கவுன். கேக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி. பாட்டுப் பாடினார்கள். குழந்தை பயந்துபோய் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. காலேஜ் பிள்ளைகள் சிலர் இருந்த இடத்திலிருந்தே கை தட்டினார்கள்.

பையன் பேப்பர் தட்டில் கேக் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தான்.

“பாப்பாவுக்கு மொதோ பொறந்த நாளுமா. எடுத்துக்குங்க.”

வாங்கிக்கொண்டோம். அவன் போனதும் அந்தப் பொண்ணு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானே வந்தாள். ஒல்லியான பொண்ணு. புதுப் புடவை, மடிப்புக் கலையாமல் பின் குத்தியிருந்தாள்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவ ஆசீர்வாதம் பண்றீங்களா? பெரியவங்கன்னு எங்களுக்கு யாரும் வரல.”

“ஏம்மா, வூட்ல யாரும் இல்லியா?” என்று சம்பந்தி கேட்டார்.

“இருக்காங்கம்மா. ரெண்டு வூட்லயும் எல்லாரும் இருக்காங்க. எங்க கல்யாணம் அவங்களுக்குப் புடிக்கல. பாப்பா பொறந்தா வருவாங்கன்னு நெனச்சோம். ஃபோட்டோ அனுப்பினோம். பாத்தாங்க. வரல.”

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். பழகின கை. குழந்தை மறுக்காமல் அவர் தோளுக்குப் போய், அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவர் இழுக்க விட்டார். பிறகு என்னிடம், “சம்மந்தி, அந்தப் பையில முன் ஜிப்புல துன்னூறு இருக்குது, எடுங்க” என்றார். எடுத்தேன். மணவாளநல்லூர் கோயில் பொட்டலம். காலையில் அங்கே போய்விட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தை நெற்றியில் அவர் பூசினார். நானும் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசினேன். சின்ன நெற்றி, சூடாக இருந்தது. நல்லா இரு என்று சொன்னேன். சொன்ன குரல் சரியாகத்தான் இருந்தது. ஆபரேட்டர் வேலையில், வீட்டில் எது நடந்தாலும் ஒரே குரலில் ‘சொல்லுங்க’ என்று பேசிப் பழகியிருக்கிறேன். அந்தக் குரல் எனக்காக வந்து பேசிவிட்டது.

அந்தப் பொண்ணு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிங்களாம்மா?”

சம்பந்திதான் சொன்னார்.

“இல்லம்மா. சம்மந்திங்க.”

அவள் முகம் மலர்ந்தது. புருஷனைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். “இங்க வாங்க. இவங்க சம்மந்திங்களாம். ரெண்டு பேரும் சேந்து ஓட்டலுக்கு வந்து பபிள் டீ குடிக்கறாங்க பாருங்க.” அப்புறம் எங்களிடம், “எங்கம்மாவும் இவங்கம்மாவும் ஒருநாளு இப்பிடி வந்து உக்காந்தா போதும்மா எனக்கு. ஒரே ஒரு நாளு” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பின் குத்தின புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க வராமல் புறங்கையால் துடைத்தாள்.

“வருவாங்க” என்றார் சம்பந்தி. “எத்தினி நாளைக்கு வராம இருப்பாங்க? வருவாங்க.”

அவர் எப்படி அதைச் சொன்னார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. நிஜமாகவே அந்தப் பொண்ணுக்காகச் சொன்னார். எனக்கு, இந்த இடத்தில் ஏதாவது ஆக வேண்டும் என்று தெரிந்தது. நெஞ்சு அடைக்க வேண்டும், அல்லது கோபமாவது வர வேண்டும். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே வைத்திருந்த பெயிண்ட் டப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. டப்பா நிறையப் போகிறது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் ஃபோனைச் சிநேகிதனிடம் கொடுத்தான். “ஒரு ஃபோட்டோம்மா. அம்மா வூட்டுப் பாட்டி ஒரு பக்கம், அப்பா வூட்டுப் பாட்டி ஒரு பக்கம் மாதிரி நில்லுங்க. பாப்பா பெருசானா காட்டுவோம்.”

நின்றோம். யார் எந்த வீட்டுப் பாட்டி என்று அவன் சொல்லவில்லை. ஆனால் சம்பந்தி தானாகவே அந்தப் பொண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் பையனுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் என் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“சிரிங்கம்மா” என்றான் ஃபோட்டோ எடுத்தவன்.

சிரித்தேன். ஃபோட்டோ எடுத்து முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தபோதுதான் போயிற்று.

கொஞ்ச நேரத்தில், நாங்கள் சொல்லாத ஒரு தட்டு வந்தது. பொரித்த நூடுல்ஸ் மேல் தேன் ஊற்றி, எள் தூவி, நடுவில் ஐஸ்கிரீம் வைத்திருந்தார்கள். “அந்த அண்ணன் குடுக்கச் சொன்னாரு” என்றாள் பரிமாறின பெண். அந்தப் பக்கம் பார்த்தோம். பையன் கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

“உங்களுக்குச் சர்க்கரைங்களே” என்றேன்.

“இன்னைக்கு ஒரு நாளு. அந்தப் புள்ள பாத்துக்கினு இருக்கறான். வெச்சுட்டுப் போனா மனசு கஷ்டப்படும்” என்று சொல்லி, ஒரு துண்டை ஒடித்து ஐஸ்கிரீமில் தோய்த்து வாயில் போட்டார். மொறுமொறுவென்று கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நானும் தின்றேன். சூடும் ஜில்லுமாக ஒரே வாயில். அடுத்தடுத்துத் தின்று தட்டைக் காலி செய்தோம். இரண்டு பேருக்கும் பசி அப்படி இருந்திருக்கிறது. முந்தின நாள் இரவிலிருந்து நானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கைகழுவுகிற இடத்தில் அவரிடம் கேட்டேன். “காலையில கோயில்ல இன்னா வேண்டிக்கினீங்க?”

“ஒண்ணும் வேண்டலங்க. கேக்கறதுக்கு ஒண்ணும் தோணல. சும்மா நின்னுட்டு வந்தன்.”

என்னை மாதிரியே இன்னொருவர் இருக்கிறார் என்பது ஓர் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அப்போது அப்படி ஒன்றும் இல்லை. பின்னால் பல தடவை அந்தப் பதிலை நினைத்துக்கொண்டேன்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பாலக்கரை பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். வழியில் பூக்காரி கூப்பிட்டாள், சம்பந்தி இரண்டு முழம் வாங்கி ஒரு முழத்தைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். நான் வைத்துக்கொண்டேன். வேப்பூர் பஸ் கூட்டமாக வந்தது. படியில் ஏறினவர் திரும்பி, “போயிட்டு வரேன் சம்மந்தி” என்றார். கண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினார். அவர் உள்ளே போய்விட்டார். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பஸ் கிளம்பியபோது நின்றுகொண்டிருந்தவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன.

நான் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வந்திருந்தார். முழங்கை வரை வெள்ளையாகப் பீங்கான் மாவு படிந்த கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“அவன் போயிட்டானா?”

“ட்ரெயினுக்குப் போயிட்டான்.”

“நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டன்.”

எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் தலையிலிருந்த பூவை எடுத்து சாமி படத்துக்கு வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு சாயந்தர வேலையைப் பார்த்தேன்.

தீபாவளிக்கு சம்பந்தி போன் செய்தார். பொங்கலுக்கு நான் செய்தேன். முன் போல நீளமாகப் பேசவில்லை. மாடு, மழை, முட்டி வலி. பிள்ளைகளைப் பற்றி இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மாதங்களில் நான் அழுவேன் என்று என் தங்கை எதிர்பார்த்தாள். ஊரிலிருந்து வந்து என்னோடு கொஞ்ச நாள் தங்கினாள். மனசுல வெச்சுக்காத, அழுதுடு என்றாள். நான் அவளுக்குத் தினம் ஒரு குழம்பு வைத்தேன், சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றும் இல்லை என்பது சரிதான்.

பங்குனியில் ஒரு நாள், நான் மாடியில் வடாம் காய வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சம்பந்தி.

“உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சுங்க. எங்க பாப்பாவுக்கு எடம் அமஞ்சிருக்குது. பாண்டிச்சேரிலயே வேல செய்யறவரு. வைகாசில வெச்சிருக்கறோம்.”

“நல்லதுங்க. ரொம்ப நல்லது.”

“உங்கள கூப்புட முடியாது. தெரியுமில்ல?”

“தெரியுங்க. அது எப்பிடி கூப்புட முடியும்.”

“தம்பிக்கும் பாருங்க.”

“பாக்கணும். இப்ப வேணாங்கறான்.”

அவர் வீட்டில் மாடு கத்துவது கேட்டது. பிறகு, “வெச்சுடறன்” என்றார். “வைங்க” என்றேன். அவருக்கு இனி வேறொரு சம்பந்தி வருவார். அந்த அம்மா எப்படிப்பட்டவரோ, சாயந்தரத்தில் பேசுவாரோ மாட்டாரோ. நல்லவராக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று மகனிடம் அன்று ராத்திரியே போனில் சொன்னேன். “சரிம்மா” என்றான். பிறகு மழை பெய்கிறதா என்று கேட்டான். இல்லை, நல்ல வெயில், வடாம் ஒரே நாளில் காய்ந்துவிட்டது, அடுத்த வாரம் யாராவது சென்னை வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். மிளகாய் கொஞ்சமாகப் போட்டிருக்கிறாயா என்று கேட்டான். போட்டிருக்கிறேன் என்றேன்.